பழைய கணிப்பொறிகளும் படிக்கவியலாத ஏடுகளும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரைகள் தொகுக்கும் பணியில் நாம் ஈடுபட்டிருந்தபோது, நம் காலனியின் முதிய அம்மையார் ஒருவர் சிறு பொட்டலம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிரித்துப் பார்த்தோம். உள்ளே பழைய காசெட்டு ஒன்று இருந்தது. பாட்டுக் காசெட்டு என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அதன் முகப்பில், மங்கிய மையில், ‘சங்க உறுப்பினர் குடும்பங்கள், 1987’ என்று எழுதியிருந்தது. டேப் ரிக்கார்டரில் இட்டு ஓட்டியபோது பேச்சும் கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. முதலில் நீண்ட சீழ்க்கை. பிறகு வண்டுக் கூட்டம் பறப்பது போன்ற இரைச்சல். ஒரு நிமிடத்துக்குச் சற்று மிகுந்த நேரம் கழிந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது.

அம்மையாரின் கணவர் நம் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர். அருகிலிருந்த பள்ளியொன்றில் கணித ஆசிரியராகப் பணியாற்றி மறைந்தவர். தம் குடும்பத்தின் பெயரை வெளியிட வேண்டா என்று அம்மையார் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. அப்பள்ளிக்கு அரசாங்கம் அளித்திருந்த கணிப்பொறியில், விடுமுறை நாள்களில் அமர்ந்து, உறுப்பினர் பட்டியலை அவர் தம் கையால் தட்டெழுதி, வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்தார். கையெழுத்துப் பேரேடு பின்னாளில் மழைநீர் புகுந்து அழிந்துபோயிற்று. ஆகவே, நம் காலனியில் முதன்முதல் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் யாவை என்பதற்கு எஞ்சிய எழுத்துச் சான்று இந்த இரைச்சல் ஒன்றே.

இரைச்சலைப் பெயர்களாக மாற்றுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நாம், எதிர்பாராத ஒரு வரலாற்றுக்குள் நுழைந்தோம். அவ்வரலாற்றை நம் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு கணக்கேடுகள்

இங்கிலாந்து நாட்டை வென்று ஆண்ட முதலாம் வில்லியம் மன்னன், 1085ஆம் ஆண்டின் இறுதியில் தன் நாட்டு நிலங்களையெல்லாம் கணக்கெடுக்க ஆணையிட்டான். எந்த நிலம் யாரிடம் உள்ளது, அதில் எத்தனை ஏர் உழுகின்றன, எத்தனை ஆலைகள் சுழல்கின்றன, அதன் மதிப்பு யாது என்பனவெல்லாம் 1086இல் ஊர் ஊராகச் சென்று கேட்டறியப்பட்டன. இலத்தீன் மொழியில் தோலேட்டில் எழுதப்பெற்ற அக்கணக்கு, ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று பெயர் பெற்றது. இன்று அது இலண்டன் நகரின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. இலத்தீனும் அக்கால எழுத்துச் சுருக்கங்களும் கற்றவர் எவரும் அதைப் படிக்கலாம்.

அப்புத்தகத்தின் தொள்ளாயிரமாவது ஆண்டாகிய 1986இல், பி.பி.சி. நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டே கணக்கை உருவாக்கியது. பிரிட்டன் நாடு முழுவதும் 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. பள்ளி மாணவர்களும் ஊர் மக்களும் தத்தம் கட்டத்தைப் பற்றி எழுதினர், படம் எடுத்தனர். கடை விலை, விளையாட்டு, உணவு, ஊர்ப் பேச்சு ஆகிய அன்றாடச் செய்திகளும் அதில் இடம்பெற்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இப்பணியில் பங்கு கொண்டனர். இத்தனையையும் அந்நாளில் புதுமையாக விளங்கிய லேசர் தட்டுகளில் பதித்தனர். பிலிப்ஸ் நிறுவனம் செய்த தனிவகைத் தட்டுப்பொறி ஒன்றும், பி.பி.சி. மாஸ்டர் என்னும் கணிப்பொறி ஒன்றும் சேர்ந்தால்தான் அத்தட்டுகளைப் படிக்கவியலும். அக்கருவித் தொகுதியின் விலை ஏறத்தாழ 5,000 பவுன். பள்ளிகள் பலவற்றால் அதை வாங்க இயலவில்லை.

ஆண்டுகள் சென்றன. அத்தட்டுப்பொறிகள் சந்தையிலிருந்து மறைந்தன. அக்கணிப்பொறி வகையும் வழக்கொழிந்தது. 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் செய்தித்தாள்கள் இதனைப் பெருங்கவலையோடு எழுதின. தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய தோலேட்டைப் படிக்க முடிகிறது. பதினாறே ஆண்டுப் பழமை கொண்ட தட்டைப் படிப்பதோ அரிதாகிவிட்டது! நம் காசெட்டின் கதையும் இதுவே அன்றோ?

பொறியின் பிறப்பு

இவ்விரு கதைகளுக்கும் நடுவில் நிற்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கணிப்பொறிகளாகும். நம் ஆசிரியர் கையாண்ட பொறி அக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதன் பிறப்பை இனிக் காண்போம்.

1980களின் தொடக்கத்தில், கணிப்பொறி என்பது பெருநிறுவனங்களின் தனியுடைமை என்னும் நிலை மாறத் தொடங்கிற்று. பொதுமக்களுக்குக் கணிப்பொறி அறிவைப் புகட்ட வேண்டும் என்று கருதிய பி.பி.சி., தொலைக்காட்சித் தொடரொன்றைத் திட்டமிட்டது. பார்ப்போர் வீட்டிலிருந்தே பழகுவதற்கு ஏற்ற பொறியையும் தேடிற்று. கேம்பிரிட்ஜ் நகரில் ஹெர்மன் ஹவுசர், கிறிஸ் கர்ரி ஆகிய இருவர் தொடங்கிய ஏக்கான் என்னும் சிறு நிறுவனம் அவ்வாய்ப்பை நாடியது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் முதலிய இளம் பொறியாளர்கள் ஒரு வாரத்துக்கும் குறைந்த காலத்தில், இரவு பகல் பாராது உழைத்து, மாதிரிப் பொறி ஒன்றை இயக்கிக் காட்டினர். அதுவே 1981 டிசம்பரில் ‘பி.பி.சி. மைக்ரோ’ என்னும் பெயரோடு வெளிவந்தது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடரும் தொடங்கியது. 12,000 பொறிகள் விற்கலாம் என்பது முதல் எதிர்பார்ப்பு. விற்றவை 15 இலட்சத்துக்கும் மேல்.

அதன் உள்ளமைப்பு இன்றைய சிறுவர்க்கு வியப்பூட்டும். 6502 என்னும் செயலி நொடிக்கு இருபது இலட்சம் துடிப்புகளோடு இயங்கும். நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் அதைப் போல நூறு மடங்கு இடத்தை எளிதாக விழுங்கிவிடும். அந்த 32 கிலோபைட்டிலும், வண்ணப்படம் காட்டும் சில திரை முறைகளுக்கே 20 கிலோபைட்டு போய்விடும். எஞ்சிய சிற்றிடத்தில் அக்கால நிரல் எழுதுவோர் பேருலகங்களைப் படைத்தனர்.

நம் நாட்டிற்கு வந்த வகை

இந்தியாவில் 1984-85ஆம் கல்வியாண்டில், பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்பும் பொருட்டு ‘கிளாஸ்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நடுவணரசின் கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் இணைந்து நடத்திய முயற்சி அது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறி இந்த பி.பி.சி. மைக்ரோவே. பஞ்சாபில் சண்டிகருக்கு அருகிலுள்ள மொகாலியில் இயங்கிய அரசுத்துறை நிறுவனமாகிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று இவ்வகைப் பொறிகளை இந்நாட்டிலேயே உருவாக்கியது. அந்நிறுவனம் 1989இல் பெருந்தீக்கு இரையாகிப் பின்னர் மீண்டெழுந்தது தனி வரலாறு.

பள்ளிகளுக்கு வந்த பொறிகள் பலவிடத்தும் பூட்டிய அறையில் திரைபோட்டு மூடப்பெற்றிருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்ற விதியை நம்மில் நடுத்தர வயதினர் பலர் நினைவு கூர்வர். எனினும், ஆசிரியர்கள் பலர் அவற்றை ஆர்வத்தோடு பயின்றனர். மதிப்பெண் பட்டியல், பள்ளிக் கால அட்டவணை, சிறு வினாவிடை விளையாட்டுகள் எனத் தாமே நிரல்கள் எழுதினர். 1990களில் வேறு வகைக் கணிப்பொறிகள் பள்ளிகளுக்கு வந்தபின் இவை ஓரங்கட்டப்பட்டன. அவற்றோடு காசெட்டுகளும் பிளாப்பித் தட்டுகளும் பரணுக்கும் பழைய பொருள் வியாபாரிக்கும் போயின.

எழுத்து இருந்தும் படிக்க முடியாமை

ஏடு கையில் இருந்தால் போதாது, அதைப் படிக்கும் கலையும் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம். காசெட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

கணிப்பொறி அறிந்த எழுத்துகள் இரண்டே; ஒன்று சுழி, மற்றது ஒன்று. பி.பி.சி. மைக்ரோ இவற்றை ஒலியாக மாற்றிக் காசெட்டில் பதிந்தது. நொடிக்கு 1,200 அதிர்வு கொண்ட ஒலியில் ஓர் அலை வந்தால் சுழி. 2,400 அதிர்வு கொண்ட ஒலியில் இரண்டு அலை வந்தால் ஒன்று. இவ்வாறு நொடிக்கு 1,200 குறிகள் செல்லும். ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் எல்லைக்குறி வைத்துப் பத்துக் குறிகள் ஆதலின், நொடிக்கு 120 எழுத்துகளே ஏறும். 30 கிலோபைட்டு நீளமுள்ள நிரலை ஏற்ற நான்கு நிமிடத்துக்கும் மேலாகும். 256 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் சரிபார்ப்பு எண் ஒன்றையும் பொறி பதிந்து வைக்கும். படிக்கும்போது அவ்வெண் பொருந்தாவிடின், பொறி துண்டை ஏற்க மறுத்து, நாடாவைத் திருப்பி ஓட்டச் சொல்லும்.

ஒலியை எண்களாக மாற்றியதோடும் வேலை முடிவதில்லை. இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, அப்பொறியின் பேசிக் மொழி தன் கட்டளைச் சொற்களை எழுத்தெழுத்தாகச் சேமிப்பதில்லை. ‘பிரிண்ட்’ என்னும் கட்டளையை 241 என்னும் ஒற்றை எண்ணாகவும், ‘டேட்டா’ என்னும் கட்டளையை 220 என்னும் எண்ணாகவும் சுருக்கி வைக்கும். இக்குறியீட்டை அறியாத வேறொரு கணிப்பொறிக்கு அது பொருளற்ற எண் குவியலே.

சில நிரல்கள் இதற்கும் ஒருபடி மேலே சென்று, பொறியின் நாடித்துடிப்போடே கலந்துவிட்டன. டேவிட் பிராபன், இயன் பெல் ஆகிய இருவர் இயற்றி 1984இல் வெளிவந்த ‘எலீட்’ என்னும் விண்வெளி விளையாட்டு இதற்குச் சான்று. ஒவ்வொன்றும் 256 கோள்களைக் கொண்ட எட்டு விண்மீன் மண்டலங்களை அவர்கள் அச்சிறு நினைவகத்தில் அடக்கினர். கோள்களின் பெயர்களையும் இயல்புகளையும் எழுதி வைக்காமல், சில விதை எண்களிலிருந்து வேண்டும்போது கணக்கிட்டுப் பெறும்படி அமைத்ததே அவ்வுத்தி. மேலும், திரையின் மேற்பகுதி ஒரு முறையிலும் கீழ்ப்பகுதி வேறொரு முறையிலும் தோன்றுமாறு, திரையில் கதிர் பாதிவழி இறங்கும் கணத்தில் பொறியின் திரை முறையையே மாற்றினர். அக்கணம் சற்றே தவறினாலும் படம் குலைந்துவிடும். இத்தகைய நிரலை இன்றைய கணிப்பொறியில் ஓட்ட, பழைய பொறியின் ஒவ்வொரு துடிப்பையும் பிழையின்றி அறிந்திருத்தல் வேண்டும்.

உயிர்ப்பிக்கும் கலை

இவ்வறிவைக் காத்து வைத்தவர்கள் யாவர்? பெருநிறுவனங்கள் அல்ல. இளமையில் இப்பொறிகளோடு பழகி, நடுவயதில் அவற்றை மீண்டும் தேடிப்போன ஆர்வலர்களே பெரும்பாலும் இதனைச் செய்தனர். அவர்கள் கையாளும் முறைகள் பல. இன்றியமையாதன சிலவற்றை இங்குக் கூறுவோம்.

முதல் விதி: பரணிலிருந்து இறக்கிய பழைய பொறியை உடனே மின்சாரத்தில் இணைக்கலாகாது. பி.பி.சி. மைக்ரோவின் மின்வழங்கியில், வீட்டு மின்சாரத்தின் குறுக்கே இணைந்த மின்தேக்கிகள் உள்ளன. கடைத்தெருவில் இவற்றைக் கண்டன்சர் என்பர். உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டிப் பிசின் கூட்டில் அடைத்துச் செய்தவை அவை. ஆண்டுகள் ஏற ஏறக் கூட்டில் கீறல் விழுந்து ஈரம் உள்ளே புகுகிறது. மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அவை வெடித்து, அறை முழுவதும் கடும் புகை பரவும். ஆகவே தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு முதலில் அவற்றை மாற்றிவிடுவதே முறை. மின்வழங்கியின் உட்புறத்தைத் தொடுவது உயிருக்கே இடராகலாம். சிறுவர் அருகிலும் செல்லலாகாது.

இரண்டாவது, நாடா. பழைய டேப் ரிக்கார்டரின் இரப்பர் பட்டை உருகியோ தளர்ந்தோ இருக்கும். அதனால் ஓட்டத்தின் வேகம் தடுமாறும். நாடாவின் மேல் பூஞ்சை படர்ந்திருக்கும். எல்லாவற்றினும் நுட்பமானது தலையின் சாய்வு. நாடாவைத் தொடும் காந்தத் தலை, பதிவு செய்த பொறியில் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் இருந்தால்தான் உயர்ந்த ஒலி தெளிவாகக் கேட்கும். தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரைச்சல் கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். இது காதால் செய்யும் வேலை.

அவ்வாறு கேட்ட ஒலியை இன்றைய கணிப்பொறியில் பதிந்து, அதற்கென எழுதிய நிரலால் எண்களாகப் பிரித்து, ‘யூ.ஈ.எஃப்.’ என்னும் கோப்பு வடிவில் சேமிக்கின்றனர். அக்கோப்பை மீண்டும் ஒலியாக்கிப் பழைய பொறியின் காசெட்டுத் துளையில் செலுத்தினால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓடிய நிரல் அதே பொறியில் மறுபடி ஓடும்.

மூன்றாவது, ஐந்தேகால் அங்குலப் பிளாப்பித் தட்டு. ஏக்கான் நிறுவனத்தின் தொடக்க காலத் தட்டமைப்பு, ஒரு பக்கத்துக்கு 31 கோப்புகளையே ஏற்றது. அது கையாண்ட ஒற்றை அடர்த்தி முறையைப் பின்வந்த கணிப்பொறிகள் பல படிக்கவே அறியா. இதற்கும் ஆர்வலர்கள் வழி கண்டனர். தட்டிலுள்ள காந்த மாற்றங்களை, அவற்றின் பொருள் இன்னதென்று ஆராயாமல், அப்படியே பதிவு செய்யும் சிறு கருவிகளை உருவாக்கினர். பொருளைப் பின்னர் அமைதியாக ஆய்ந்துகொள்ளலாம். தேய்ந்த தட்டு ஒருமுறையேனும் சுழன்றால் போதும் என்பது இதன் பயன்.

நான்காவது, எமுலேட்டர். புதிய கணிப்பொறி பழைய பொறியாக வேடம் புனைவது என்று இதனைக் கூறலாம். பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும், திரையின் ஒவ்வொரு துடிப்பையும் புதிய பொறி நடித்துக் காட்டும். நிரலுக்கோ தான் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைப்பு! பி.பி.சி. மைக்ரோவுக்கு 1994இல் ஓர் ஆர்வலர் எழுதத் தொடங்கிய ‘பீப்எம்’ என்பது இவ்வகையில் புகழ்பெற்றது.

டூம்ஸ்டே மீண்ட கதை

2002இல் எழுந்த கவலைக்கு விடையளிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் முன்வந்தன. ‘கேமிலியான்’ என்னும் கூட்டாய்வின் வாயிலாக, லேசர் தட்டுகளிலிருந்த செய்திகளைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றி, பழைய கருவித் தொகுதியையே நடிக்கும் எமுலேட்டரை அமைத்து, அவ்வாண்டின் இறுதிக்குள் டூம்ஸ்டே கணக்கை மீண்டும் இயக்கிக் காட்டினர். அவ்வறிஞர்கள் அடித்தளமாகக் கொண்டது, ஆர்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி வளர்த்த பீப்எம் நிரலையே.

ஆயினும் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2011இல் பி.பி.சி., ஊர் மக்கள் எழுதிய பகுதியை இணையத்தில் வெளியிட்டது. 2018இல் அவ்விணையத்தளமும் மூடப்பட்டது. அதன் படியைத் தேசிய ஆவணக் காப்பகம் தன் இணையக் காப்பகத்தில் வைத்துள்ளது. ஆர்வலர்களோ அங்கும் நில்லாமல், லேசர் கதிர் தட்டிலிருந்து பெறும் மூல அலையையே முழுமையாகப் பதிவு செய்யும் கருவியொன்றை வடிவமைத்து, அதன் வரைபடங்களை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர்.

ஒருமுறை மீட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எவரும் இருக்கவியலாது என்பதே இவ்வரலாற்றின் இரண்டாம் பாடம். மன்னன் வில்லியத்தின் தோலேடு பெட்டியில் உறங்கியே தொள்ளாயிரம் ஆண்டு வாழ்ந்தது. கணிப்பொறி ஏட்டுக்கு அத்தகைய உறக்கம் கிடையாது. தலைமுறைக்கு ஒருமுறையேனும் எவரேனும் ஒருவர் அதைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். நம் முன்னோர் செல்லரித்த ஓலையைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிக் காத்த முறையும் இதுவேயாகும்.

நம் காசெட்டு

இனி நம் காசெட்டுக்கு வருவோம். அம்மையாரின் பேத்தி பொறியியல் பயிலும் மாணவி. மேற்கூறிய முறைகளையெல்லாம் படித்தறிந்து, பழுதுபார்ப்பவர் ஒருவரிடமிருந்து நல்ல நிலையிலுள்ள டேப் ரிக்கார்டரை இரவல் பெற்று, தாத்தாவின் காசெட்டை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பொறுமையோடு ஆராய்ந்தாள். முதல் ஞாயிறு முழுவதும் அந்தச் சிறு திருகாணியோடே கழிந்தது. இரண்டாம் ஞாயிறு ஒலி தெளிந்தது. மூன்றாம் ஞாயிறு மாலை, மடிக்கணிப்பொறியின் திரையில் ஆங்கில எழுத்துகளில் பெயர்கள் வரிவரியாக இறங்கத் தொடங்கின. சுற்றி நின்ற நாம் பேச்சற்றுப் போனோம். குடும்பத்தலைவர் பெயர், வீட்டு எண், சொந்த ஊர் என்று ஆசிரியர் ஒழுங்காக எழுதியிருந்தார். கும்பகோணம், காரைக்குடி, பாலக்காடு, திருநெல்வேலி என ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இத்தனை நாள் இது பாட்டுக் காசெட்டுகளோடு கிடந்ததே!” என்றார்.

பட்டியலின் தலைப்பில் மொத்தக் குடும்பங்கள் 114 என்று குறித்திருந்தது. காசெட்டில் இருந்த துண்டுகள் 19. பிழையின்றி மீண்டவை 17. நாடா மடிந்து கசங்கிய இடத்தில் இருந்த இரண்டு துண்டுகளை எம்முறையாலும் மீட்கவியலவில்லை. அவற்றோடு 12 குடும்பங்களின் பெயர்கள் போயின.

அப்போதுதான் பொறிக்கு இயலாத ஒன்றை மனிதர் செய்தனர். மீண்ட 102 பெயர்களையும் அச்சிட்டு, சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் முன் வைத்தோம். அவர்கள் விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தனர். “எதிர் வரிசையில் ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம் இருந்ததே, அதை விட்டுவிட்டீர்களே!” என்றார் ஒருவர். “நவராத்திரிக்குப் பெரிய கொலு வைக்கும் வீட்டைக் காணோமே” என்றார் மற்றொருவர். அவ்வாறு நினைவிலிருந்தே ஒன்பது குடும்பங்கள் திரும்பி வந்தன. மூன்று குடும்பங்கள் மட்டும் இன்னும் வரவில்லை.

நம் கருத்து

பழைய பொருள்மீது கொண்ட பற்றினால் மட்டும் இக்கட்டுரையை எழுதினோம் அல்லோம். நம் இல்லங்களில் ஒவ்வொரு பரணிலும் இத்தகைய ஊமை ஏடுகள் கிடக்கின்றன. தந்தையின் கணக்குகள் அடங்கிய பிளாப்பித் தட்டு, திருமண நிழற்படங்கள் உறையும் குறுந்தட்டு, பாட்டியின் குரல் பதிந்த காசெட்டு என அவை பலவாகும். அவற்றை எறிந்துவிட வேண்டா. எந்தப் பொறியில், எந்த ஆண்டில் பதிந்தது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அடிக்கடி ஓட்டிப் பார்த்துத் தேய்க்காமல், முதன்முறை ஓட்டும்போதே படியெடுத்து விடுங்கள். எடுத்த படியையும் ஓரிடத்தில் மட்டும் வையாமல் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பற்றித் தெரிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏடும் வேண்டும், அதைப் படிக்கும் பொறியும் வேண்டும். இவ்விரண்டும் கைவிட்ட இடத்தில் துணைநிற்பது மனிதரின் நினைவே.

1987ஆம் ஆண்டின் பட்டியலை இம்மலரின் இறுதிப் பக்கங்களில் அச்சிட்டுள்ளோம். இனி அதைப் படிக்க எந்தப் பொறியும் வேண்டா. கண் ஒன்றே போதும். பட்டியலில் மூன்று வரிகளை வெற்றிடமாக விட்டிருக்கின்றோம். அக்காலத்தில் நம் காலனியில் வாழ்ந்து, பின்னர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ ஊர் திரும்பிய அம்மூன்று குடும்பங்கள் யாவை என்று அறிந்தவர்கள் அன்புகூர்ந்து சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். அடுத்த ஆண்டு மலரில் அவ்வரிகள் நிறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.